லண்டன் மாரத்தான்: 2,000 பவுண்டு இலக்கில் 600 மட்டுமே சேர்ந்திருப்பது குறித்து

வணக்கம். தொண்டு நிறுவனம் ஒன்றின் வழியாக லண்டன் மாரத்தானில் இடம் பெற்று, 2,000 பவுண்டு திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்ட நிலையில் 600 மட்டுமே சேர்ந்திருப்பதாகவும், உறவினர்கள் கையில் தந்த ரொக்கத்தை உங்கள் வங்கி அட்டையிலிருந்தே கட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

கட்டலாம், ஆனால் அப்போது கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கு அரசு கூடுதலாகத் தரும் தொகை) கட்டத்தில் குறியிடாதீர்கள். பிரிட்டனில் வரி செலுத்துபவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தால்தான் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் அரசிடமிருந்து கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், பலர் தந்ததைத் திரட்டி ஒருவர் பெயரில் கட்டும் தொகைக்கு அதைக் கோர முடியாது. ஆகவே விருந்து வீட்டில் மாமா இருபது பவுண்டுத் தாளை நீட்டும்போதே, உங்கள் நன்கொடைப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து கொடுத்து, அவர் பெயரிலேயே செலுத்தச் சொல்லுங்கள் (சற்றுச் சங்கடமாகத்தான் இருக்கும்). அந்தக் கூடுதல் தொகை உங்கள் இலக்கில் சேருமா என்பதை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் பொது வேண்டுகோளை எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் கொடுக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் முடிந்ததும், ஓடிய தூரத்தையும் சேறு படிந்த காலணியின் படத்தையும் இணைத்து, பத்துப் பேருக்குத் தனித்தனியே எழுதுங்கள். ஊழியர் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தாமும் கொடுக்கும் வழக்கம் சில நிறுவனங்களில் உண்டு. ஒப்புதல் கிடைக்க நாளாகும் என்பதால் உங்கள் அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள்.