ஆன்டிபயாட்டிக் முடிந்தும் நிற்காத வயிற்றுப்போக்கு: மாட்டுங்கா சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. காதுத் தொற்றுக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிட்டு முடித்த உங்கள் 4 வயது மகனுக்குத் தினமும் மூன்று நான்கு முறை இளகிப் போவதாகவும், மருந்துக்கடையில் கொடுத்த புரோபயாட்டிக் (நல்ல நுண்ணுயிரிகள் அடங்கிய) பொடியை ஒரு மாதம் தரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

அம்மருந்து நோய்க்கிருமிகளோடு குடலின் நல்ல நுண்ணுயிரிகளையும் குறைத்துவிடுவதால், கிளாவுலனேட் சேர்ந்த மருந்துகளில் இது அடிக்கடி நேர்வதுதான். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். புரோபயாட்டிக்குக்கு, அதிலும் சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் போன்ற சில வகைகளுக்கு, பலன் உண்டு என்பதற்கு ஓரளவு சான்று இருப்பது ஆன்டிபயாட்டிக்குடன் சேர்த்தே தொடங்கும்போதுதான் என்பதால், இப்போது ஒரு மாதச் செலவு தேவையில்லை என்றே கருதுகிறேன்.

வீட்டில் உறை ஊற்றிய தயிரில் பிசைந்த குழைந்த சோறும் வாழைப்பழமும் கொடுங்கள். (இட்லி மாவு புளித்ததுதான் என்றாலும், ஆவியில் வேகும்போது அதிலுள்ள நுண்ணுயிரிகள் மடிந்துவிடும், எளிதில் செரிக்கும் உணவாக மட்டும் அதைக் கொள்ளலாம்.) பெட்டிப் பழச்சாற்றின் சர்க்கரை போக்கை அதிகப்படுத்தும் என்பதால் அதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முறை போன பின்பும் ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். போக்கை நிறுத்தும் லோபராமைடு மாத்திரையைக் கொடுக்கவே வேண்டாம்.

மலத்தில் இரத்தம், காய்ச்சல், கடும் வயிற்றுவலி, சிறுநீர் குறைதல், சோர்ந்து துவளுதல் ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் அன்றே குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட விவரத்தையும் மறவாமல் அவரிடம் கூறுங்கள்.