மீன் ஹேச்சரியில டெக்னீஷியன் வேலை எப்படி இருக்கும்? டிப்ளமோ முடிச்சவங்க சேரலாமா?

தாராளமா சேரலாம், ஆனா ஆனியில இருந்து ஆவணி வரைக்கும் ராத்திரி தூக்கத்த மறந்துடணும். நான் பதினோரு வருஷமா கெண்டை ஹேச்சரியில இருக்கேன், கட்லா, ரோகு, மிர்கால் மூணும் பண்றோம்.

இந்த மீனுங்க ஆத்துல புதுவெள்ளம் வந்தாதான் முட்டை விடும், குளத்துல எவ்வளவு கொழுத்தாலும் விடாது, அதனால ஊசி போடுறோம். 1957 ஜூலை 10ல ஒடிசாவுல ஹீராலால் சௌத்ரிங்கற விஞ்ஞானி மீனோட மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி சாறை ஏத்தி இத மொதல்ல சாதிச்சு காட்டினாரு, அந்த நாளத்தான் மீன் விவசாயிகள் தினமா கொண்டாடுறோம். இப்போ ஓவாப்ரிம்னு ரெடிமேட் ஹார்மோன் மருந்து, பெண் மீனுக்கு கிலோவுக்கு அரை மில்லி கிட்ட, ஆணுக்கு அதுல பாதி. மருந்து போடுறத ஒரு வாரத்துல கத்துக்கலாம், எந்த மீன் தயாரா இருக்குன்னு கை பழகத்தான் நாளாகும். பெண்ணுக்கு வயிறு மெத்துன்னு இருக்கணும், ஆணுக்கு பக்கத்துடுப்பு சொரசொரன்னு இருக்கும், வயித்த லேசா அமுக்கினா பால் மாதிரி விந்து வரும்.

சாயங்காலம் ஊசி போட்டா விடியறதுக்குள்ள தொட்டியில மீனுங்க அடிச்சு பொரள்ற சத்தம் கேக்கும். முட்டை தண்ணி குடிச்சு வெந்த ஜவ்வரிசி மாதிரி உப்பிடும், கருவாகாதது வெள்ளையா போயிடும். சில மணி நேரம் கழிச்சு ஒரு கண்ணாடி டம்ளர்ல அள்ளி டார்ச் அடிச்சா உள்ள குஞ்சு சுருண்டுகிட்டு துடிக்கறது தெரியும், இன்னிக்கும் நான் அத பாக்காம டீ குடிக்க போறதில்ல.

அப்புறம் பொரிப்புத் தொட்டி. தண்ணி வட்டமா சுத்திகிட்டே இருக்கணும், மெதுவானா முட்டை அடியில குவிஞ்சு செத்துடும், வேகமானா தண்ணி வெளியேற நடுவுல வச்சிருக்கற வலையில மோதி உடைஞ்சுடும். பதினஞ்சு மணி நேரத்துல பொரிச்சதும் அந்த ஓடெல்லாம் நடு வலையில போய் அடைக்கும், பிரஷ் வச்சு தேச்சுகிட்டே இருக்கணும். சேர்ந்த முதல் சீசன்ல மூணு மணிக்கு கண்ணசந்துட்டேன். எந்திரிச்சு பாத்தா வலை அடைச்சு தண்ணி மேல வழிஞ்சு குஞ்செல்லாம் வடிகால்ல. நூல் மாதிரி உடம்பு, ரெண்டு கறுப்பு புள்ளியா கண்ணு, லட்சக்கணக்குல. முதலாளி ஒரு வார்த்தை திட்டல, அதுதான் இன்னும் வலிச்சுது.

மூணு நாள்ல மஞ்சக்கரு பை கரைஞ்சதும் குஞ்சு வளர்க்கற நாற்றங்கால் குளத்துக்கு, இல்லன்னா ஆக்சிஜன் அடைச்சு பாக்கெட்ல விவசாயிக்கு.

சம்பளம் பேசும்போது சீசன் ராத்திரிக்கு தனியா கேளுங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அங்க போய் நின்னு பாருங்க, மேல்தொட்டி நிறைஞ்சிருக்கா, ஜெனரேட்டர் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகுதா, வலை தேய்க்க மாத்தாள் இருக்கான்னு. மூணும் இருந்தா யோசிக்காம சேருங்க.