பொகவந்தலாவைத் தம்பிக்கு: மெஷின் வாங்குவதற்கு முன்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பையன். நாலு வருசம் டுபாயில் வென்டிங் மெஷின்களுக்குச் சாமான் நிரப்பும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். கையில் பன்னிரண்டு லட்சம் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த பழைய குளிர்பான மெஷின் இரண்டு தருவதாகக் கொழும்பில் ஒருவர் சொல்கிறார். ஒன்றை ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலும் மற்றதை எங்கள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்திலும் வைக்க எண்ணம். உங்கள் மச்சான் இந்தத் தொழில் செய்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

வாசகர், பொகவந்தலாவை

அன்புள்ள தம்பி,

அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நாலு வருசம் வெயிலில் சேர்த்த காசு அது. மெஷினைப் பிறகு பார்ப்போம், முதலில் இடத்தைப் பேசுவோம்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஆள் இருக்கிறது, உண்மைதான். ஆனால் முதல் பஸ்ஸுக்கு முன்பே அங்கே தேத்தண்ணிக் கடை திறந்துவிடும். சுடச்சுட வடையும் கதைக்க ஆளும் இருக்கிற இடத்தில் யார் கண்ணாடிப் பெட்டிக்குள் காசு போடுவார்கள்? கூட்டத்தைப் பார்த்து இடம் பிடிப்பதுதான் இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற முதல் பிழை. கடை பூட்டிய பிறகும் ஆள் நகர முடியாமல் நிற்கிற இடத்தைத் தேடுங்கள்.

என் மகள் பிறந்த இரவு ஓர் ஆஸ்பத்திரியில் துணைக்கு நின்றேன். விடிய இரண்டு மணி இருக்கும். மனைவிக்குச் சுடுதண்ணி வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடினேன். எதிர்க் கடை பூட்டிக் கிடந்தது. என்னைப் போலவே கையில் பிளாஸ்க்கோடு இன்னும் மூன்று பேர் பனியில் நின்றார்கள். அந்த வராந்தாவில் சுடுதண்ணியும் பிஸ்கட்டும் தருகிற ஒரு மெஷின் இருந்திருந்தால் நான்கு பேரும் அதைக் கும்பிட்டிருப்போம். நீங்கள் தேட வேண்டியது அப்படிப்பட்ட இடம். ஆஸ்பத்திரி, இரவு வேலை நடக்கிற தொழிற்சாலை, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி மாதிரி மாணவர்கள் தங்கிப் படிக்கிற இடங்கள்.

தோட்டத்தை எடுத்துக்கொண்டால், மடுவத்தடியில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை சனம் கூடும்தான். ஆனால் நம் சனம் சம்பளக் கிழமையில் மட்டும்தான் கைக்காசுக்கு வாங்கும். மற்ற நாளெல்லாம் தோட்டத்துக் கடையில் கொப்பிக் கணக்கு. மெஷினுக்குப் பற்று எழுதத் தெரியாது. நாட்கூலி ஆயிரம் ரூபாயாவதற்கே 2021 வரை காத்திருந்த சனம் இது. அவர்களிடமிருந்து சோடாவுக்குக் காசு எடுக்கிற தொழிலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சிவனொளிபாத மலை ஏறுகிறவர்கள் வந்து இறங்குகிற நல்லதண்ணி ஊரைப் பற்றியும் யோசித்திருப்பீர்கள். மலை சீசன் டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைதான், மீதி மாதமெல்லாம் மெஷின் மழையில் நிற்கும். ரயில் நிலையத்தை மட்டும் நம்பியும் இறங்காதீர்கள். 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் மலையகப் பாதையை உடைத்துப் போட்டதை நாம் எல்லாரும் பார்த்தோம்.

நான் நீங்களாக இருந்தால் பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா, ஹட்டன் என்று ஒரே பஸ் ரோட்டில் மட்டும் இடம் தேடுவேன். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினால், நிரப்பிக் காசெடுத்து மதியத்துக்குள் வீடு திரும்பலாம். டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் அதே ரோட்டில்தான். நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். கரன்ட் பில் யாருக்கு, இரவில் சாவி யாரிடம், எடுக்கச் சொன்னால் எத்தனை நாள் தவணை என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ.யையும் பிரதேச சபையையும் மெஷின் இறங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி மெஷின். ஜப்பானில் வீட்டுக் கரன்ட் 100 வோல்ட், நம்முடையது 230. ஒவ்வொன்றுக்கும் ஒரு ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதன் காசுப் பெட்டிக்கு யென் மட்டும்தான் தெரியும், நம் 20 ரூபாய்க் குத்திக் காசைத் துப்பிவிடும். 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று தகட்டில் அடித்த மெஷினையே எடுங்கள். உள்ளே இருக்கிற கட்டுப்பாட்டுப் பலகை, காசுக் கருவிகளை இணைக்கிற எம்.டி.பி. (MDB) என்ற பொது முறையில் வேலை செய்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது இருந்தால் காசுப் பெட்டி, தாள் வாங்கி, கியூ.ஆர். கருவி எதையும் பிறகு மாற்றிப் பூட்டலாம்.

இன்னொன்று, நம் குளிரில் குளிர்பானத்துக்கு அவ்வளவு கிராக்கி இல்லை. சுடுபான மெஷினைப் பாருங்கள். ஆனால் அதில் மச்சான் பட்ட பாட்டை முதலில் கேளுங்கள். நுவரெலியாவில் டியூஷன் நடக்கிற ஒரு டியூட்டரிக்குக் கீழே வைத்திருந்தார். கொழும்பில் பொயிலரை 96 பாகைக்குச் செட் பண்ணிக் கொடுத்திருந்தார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், அங்கே தண்ணி ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். மெஷின் 96ஐத் தேடிக் கொதித்துக்கொண்டே கிடந்தது, 'சூடாகிறது' என்ற எழுத்து மாறவே இல்லை. ஆவி மேலே போய்ப் பால்மா விழுகிற குழாயில் படிந்தது. கதவைத் திறந்து பார்த்தபோது பால்மா சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. ஸ்குரூ ட்ரைவரால் கிண்டி எடுத்தோம். விற்றவர்கள் போனைத் தூக்கவில்லை. கடைசியில் ஒரு ப்ரிட்ஜ் திருத்துகிற பையன்தான் 90க்குக் குறைத்து வைத்தான், அன்றைக்கே சரியாகிவிட்டது. ஹட்டன் 1,270 மீட்டர் அளவில் இருப்பதால் அங்கே கொதிநிலை 96க்குக் கிட்ட. நீங்களும் 90ஐத் தாண்ட வேண்டாம். அடை மழை மாதங்களில் பால்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகவே நிரப்புங்கள்.

இதே உயரம் சிப்ஸ் பக்கெட்டையும் விடாது. கீழே அடைத்த பக்கெட் மேலே வந்தால் தலையணை மாதிரி உப்பிவிடும். சாமானை முன்னுக்குத் தள்ளுகிற சுருள் கம்பி சுழலும், பக்கெட் கண்ணாடியில் முட்டி நிற்கும், காசு போட்டவர் மெஷினைக் குத்துவார். இடைவெளி அகலமான சுருளைக் கேட்டு வாங்குங்கள், அல்லது பிஸ்கட்டும் கடலையும் போதும். சாமான் விழுந்ததா என்று பார்த்து, விழாவிட்டால் காசைத் திருப்பித் தருகிற சென்சர் இல்லாத மெஷினைத் தொடாதீர்கள். ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கு ஒருவருடைய கடைசி நூறு ரூபாயை உங்கள் மெஷின் விழுங்கக் கூடாது.

மெஷின் 500 ரூபாய்த் தாளை வாங்காதபடி செட் பண்ணி வையுங்கள். நூறு ரூபாய்ச் சாமானுக்கு ஒருவர் 500 போட்டால் மிச்சத்துக்கு இருபது 20 ரூபாய்க் குத்தி போய்விடும், சில பேரோடு சில்லறைக் குழாய் காலி. விலையை முழு நூறாக வைத்து, போனால் காசு கட்டுகிற லங்கா கியூ.ஆரும் ஒட்டிவிடுங்கள். ஆனால் அந்த மூலையில் சிக்னல் வருகிறதா என்று முதலில் உங்கள் போனில் பாருங்கள்.

சாமான் மெஷின் என்றால் 300 கிலோ வரை வரும். நம் கட்டடங்களுக்குப் படிக்குக் குறைவில்லை, டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவையும் படித் திருப்பத்தையும் அளந்துவிட்டு விலை பேசுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி விழுகிற ஊர் இது. நல்ல சேர்ஜ் புரொடெக்டருக்கும் எர்த்துக்கும் காசு ஒதுக்குங்கள்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு சாமானில் 25 ரூபாய் நிற்கிறது, நாளுக்கு 40 போகிறது என்று வைத்தால் மாதம் 30,000. இடவாடகை, கரன்ட், பஸ், திகதி முடிந்து எறிவது எல்லாம் கழித்து 15,000 மிஞ்சினால், ஆறு லட்சம் மெஷின் முதலெடுக்க 40 மாதம். அதனால் ஒன்றே ஒன்று வாங்குங்கள். மீதி ஆறு லட்சம் பாங்கில் இருக்கட்டும்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நினைத்த இடத்தில் சம்பளக் கிழமையில் ஒரு இரவும் மாதக் கடைசியில் ஒரு இரவும் பத்து மணியிலிருந்து விடியும் வரை உட்காருங்கள். எத்தனை பேர் எழும்பி வாசல் கேட் பக்கம் போகிறார்கள், எத்தனை பேர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போங்கள். அந்தக் கணக்கை எனக்கு அனுப்புங்கள், மச்சானோடு உட்கார்ந்து பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.