இரண்டு ஆண்டு இலவசம் என்கிறார்கள், சேர்க்கலாமா?

அமெரிக்காவில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை நெருங்கும்போது தமிழ்ப் பெற்றோருக்கு இரண்டு கேள்விகள் சேர்ந்தே வருகின்றன. பள்ளிக்குப் பின் இரண்டு ஆண்டு படிக்கும் உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் இலவசம் என்கிறார்களே, உண்மையா? உண்மை என்றால், அங்கே சேர்த்தால் படிப்பு கெட்டுப்போகுமா? முதல் கேள்விக்கான விடை நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை, பிள்ளை முதல் செமஸ்டரில் என்னென்ன பாடம் எடுக்கப்போகிறது என்பதில் இருக்கிறது. முதல் கேள்வியைப் பற்றி வீட்டில் மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. இரண்டாவதைப் பற்றி ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

நாடு முழுவதற்கும் பொதுவான இலவசத் திட்டம் எதுவும் இல்லை. பள்ளிக்குப் பிறகான இரண்டு ஆண்டுகளும் இலவசமாக இருக்க வேண்டும் என்று அதிபர் ட்ரூமன் நியமித்த ஆணையம் 1947லேயே சொன்னது. ஒபாமா 2015 ஜனவரியில் டென்னசி மாநிலம் நாக்ஸ்வில்லில் இதையே அறிவித்தார், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைத் தாண்டவில்லை. பைடன் 2021இல் மறுபடி கொண்டுவந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் பேரம் பேசும்போதே அது மசோதாவிலிருந்து கழன்றுவிட்டது. கலிபோர்னியாவில் 1984 வரை இக்கல்லூரிகளுக்குக் கட்டணமே இல்லாமல் இருந்தது. இன்று யூனிட்டுக்கு (பாடத்தின் அளவை எண்ணும் அலகு, கிரெடிட் என்றும் சொல்வார்கள்) 46 டாலர். ஆக, இப்போது நடப்பில் உள்ளவை எல்லாம் மாநிலங்களின் திட்டங்கள்தான். டென்னசி பிராமிஸ் 2015இல் முதல் அணி மாணவர்களைச் சேர்த்தது. மாசசூசெட்ஸ் 2024 இலையுதிர் பருவத்திலிருந்து வருமான வரம்பு இல்லாமல் கொடுக்கிறது. நியூ ஜெர்சி வருமானம் பார்த்துக் கொடுக்கிறது: வருமான வரிக் கணக்கில் ஏஜிஐ (சில கழிவுகள் போக வரும் வருமானம்) 65,000 டாலர் வரை முழுதாக, அதற்கு மேல் படிப்படியாகக் குறைத்து. விதிகள் ஆண்டுதோறும் பட்ஜெட்டோடு மாறுபவை என்பதால், கல்லூரியின் நிதியுதவிப் பக்கத்தில் நடப்பு ஆண்டுக்கான விதியைப் படித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை, மற்ற உதவிகள் எல்லாம் போக மிச்சமிருக்கும் கட்டணத்தை மட்டும் கட்டுபவை. விவாதத்தின் வேரே இங்கேதான் இருக்கிறது. கட்டணம் ஆண்டுக்கு 4,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-25இல் நாட்டின் சராசரியும் ஏறத்தாழ அதுதான். மிகக் குறைந்த வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மத்திய அரசின் பெல் கிராண்ட் என்ற, திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை அதிகபட்சமாக 7,395 டாலர் கிடைக்கிறது. கட்டணம் அதிலேயே அடைபட்டுவிடும். மாநிலத் திட்டம் தருவது பூஜ்யம். பெல் கிடைக்காத நடுத்தர வருமான வீட்டுப் பிள்ளைக்கோ அதே திட்டம் 4,000 டாலரையும் கட்டுகிறது. பெயர் இலவசம், பலன் போய்ச் சேரும் இடம் வேறு. எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டணத்தை மாநிலமே கட்டிவிட்டு, பெல் தொகையைப் புத்தகத்துக்கும் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் மாணவரிடமே விட்டுவிடும் முறை நியூ மெக்சிகோவில் இருக்கிறது. எங்களைக் கேட்டால் இதுதான் நியாயமான வடிவம்.

எதிர்ப்பவர்கள் சொல்வதிலும் சாரம் உண்டு. வசதியுள்ளவர்களுக்கும் அரசுப் பணம் போகிறது, நான்கு ஆண்டுப் பல்கலைக்கழகத்தில் நேராகச் சேர்ந்திருக்கக்கூடிய பிள்ளையும் இலவசம் என்றதும் இங்கே வந்து சிக்கிக்கொள்கிறது, சேர்வது கூடினாலும் முடிப்பது கூடவில்லை என்பவை அவர்கள் வாதங்கள். கடைசி வாதத்துக்கு நல்ல பதில் நியூயார்க்கில் இருக்கிறது. அங்கே சிட்டி யுனிவர்சிட்டி 2007இல் தொடங்கிய ஏசாப் திட்டம் கட்டணத்தின் மிச்சத்தைக் கட்டுவதோடு நிற்காமல் புத்தகத்துக்கு உதவியது, போக்குவரத்து அட்டை கொடுத்தது, மாணவரை அடிக்கடி சந்திக்கும் ஆலோசகரையும் கூட வைத்தது. குலுக்கல் முறையில் பிரித்து ஆராய்ந்தபோது மூன்றாண்டில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 விழுக்காடு, வெளியே 22. கட்டணத்தை நீக்குவது கதவைத் திறக்கும். உள்ளே போனவர் படித்து முடிக்க, பக்கத்தில் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் மாநிலம் அந்த ஆளைக் கொடுக்காவிட்டால் அந்த வேலையை நீங்களும் பிள்ளையும்தான் செய்ய வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

கம்யூனிட்டி காலேஜ் என்றதும் ஊரில் இருக்கும் சொந்தங்கள் சான்றிதழ்ப் படிப்பு என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். பாலிடெக்னிக் முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் லேட்டரல் என்ட்ரியில் சேர்வார்களே, கிட்டத்தட்ட அந்த வழி என்று அவர்களிடம் சொல்லுங்கள், புரியும். இங்கே இரண்டு ஆண்டு முடித்து மூன்றாம் ஆண்டில் சேர வேண்டும். கடைசியில் பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். பட்டச் சான்றிதழில் கம்யூனிட்டி காலேஜின் பெயர் வராது. ஆனால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு இடத்து மதிப்பெண் பட்டியலும் போகும் என்பதால், அங்கே வாங்கிய மதிப்பெண் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இந்த வழியில் கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. கம்யூனிட்டி காலேஜில் நுழைபவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இளநிலைப் பட்டம் வரை போகும் எண்ணத்தோடு வருகிறார்கள். ஆறு ஆண்டுக்குள் பல்கலைக்கழகத்துக்கு மாறுபவர் மூன்றில் ஒருவர்தான். அதே காலத்துக்குள் பட்டம் வாங்குபவர் நூற்றுக்கு 16 பேர். பிள்ளைகளுக்குத் திறமை இல்லாததால் வரும் எண்ணிக்கை அல்ல இது. பகுதி நேர வேலையும் குடும்பப் பொறுப்பும் ஒரு காரணம். மாறும்போது கிரெடிட் வீணாவது இன்னொரு காரணம்: மத்திய அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கைப்படி, கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டை இழந்திருந்தார்கள். இலவசமாகப் படித்த பாடம் ஏற்றுக்கொள்ளப்படாமல் போனால், அதையே பல்கலைக்கழகத்தில் முழுக் கட்டணம் கட்டி மறுபடி படிக்க வேண்டும்.

பொறியியலோ கணினி அறிவியலோ என்றால் முதலில் கணக்குப் பாடத்தைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் முன்னே பின்னே நகர்த்தலாம், கணக்கை நகர்த்த முடியாது. கால்குலஸ் 1, கால்குலஸ் 2, பன்மாறிக் கால்குலஸ், பிறகு லீனியர் அல்ஜீப்ராவும் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனும் என்று ஒன்றின் தலையில் ஒன்றாக நிற்கும். முதல் செமஸ்டரில் கால்குலஸ் 1 எடுத்தால் நான்கு செமஸ்டரில் சரியாக முடியும். பிரீகால்குலஸில் தொடங்கினால் ஐந்து செமஸ்டர் ஆகும். இயற்பியலும் கால்குலஸைத் தொட்டுக்கொண்டு வருவதால் அதுவும் பின்னால் தள்ளும். இலையுதிர் பருவச் சேர்க்கை தவறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டிய துறைகள் உண்டு. ஒரு செமஸ்டர் தாமதம் ஓராண்டாகிவிடும். பள்ளியிலேயே ஏபி என்ற கல்லூரி நிலைப் பாடமாகக் கால்குலஸ் எடுத்திருந்தால் அந்த மதிப்பெண்ணைக் கல்லூரியில் பதிவு செய்துவிட வேண்டும். எடுக்காவிட்டால், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே பிரீகால்குலஸைப் படித்து முடிப்பதுதான் இருப்பதிலேயே மலிவான தீர்வு.

அடுத்தது எந்தப் பட்டம் என்பது. கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டாண்டுப் பட்டங்களில் ஏஏ, ஏஎஸ் இரண்டும் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்காக அமைந்தவை. ஏஏஎஸ் நேரடியாக வேலைக்குப் போவதற்கானது. நியூ ஜெர்சியில் மாநிலம் முழுவதற்குமான ஒப்பந்தப்படி ஏஏ, ஏஎஸ் முடித்தவரின் கிரெடிட்டை அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும். ஏஏஎஸ் அதில் அடங்காது. ஏற்கப்படுவது கிரெடிட்தான் என்பதையும் கவனியுங்கள். விரும்பிய துறையில் இடம் கிடைக்கும் என்று அந்த ஒப்பந்தம் சொல்லவில்லை. செவிலியர் படிப்பு போன்றவற்றுக்கு இரண்டாண்டுப் பட்டமே வேலை தரும்: அதை முடித்தவரும் நான்காண்டு முடித்தவரும் எழுதுவது அதே என்க்ளெக்ஸ் உரிமத் தேர்வைத்தான். ஆனால் அங்கே இடம் குறைவு. உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் பாடங்களில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிறகே விண்ணப்பிக்க முடியும்.

கலிபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்த வழி மற்ற மாநிலத்தவரைவிடச் சாதகமானது. முதலாண்டு மாணவர் இருவருக்கு மாறிவரும் மாணவர் ஒருவர் என்ற விகிதத்தை யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா இலக்காக வைத்திருக்கிறது. டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் டேக் என்ற சேர்க்கை உறுதி தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ தருவதில்லை. டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும். அதைப் போட்ட பிறகு இலையுதிர் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் வழக்கமான விண்ணப்பத்தையும் போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறப்பவர்கள் இருக்கிறார்கள். சாண்டா பார்பராவின் பொறியியல் கல்லூரி போலச் சில துறைகள் டேக்குக்குள் வராது, ஆகவே வளாகத்தின் பெயரோடு துறையின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பாடத்துக்கு எது ஈடு என்பதை அசிஸ்ட் என்ற மாநில இணையதளம் கல்லூரிவாரியாகக் காட்டும். ஒவ்வொரு செமஸ்டர் பதிவுக்கும் முன் அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் மேலே சொன்ன கிரெடிட் இழப்பு அநேகமாக வராது. சேமிப்பையும் பாருங்கள்: இரண்டாண்டுக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர், யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியாவில் கல்விக் கட்டணம் மட்டும் ஓராண்டுக்கு 14,000 டாலரைத் தாண்டுகிறது. இவ்வளவு மிச்சமாகும் இடத்தில் அந்த 2,760 டாலரும் இலவசமா இல்லையா என்பது உங்கள் முடிவை மாற்ற வேண்டியதில்லை.

இலவசம் கிடைத்தவர்கள் அதை இழப்பது பெரும்பாலும் சின்னக் காரணத்துக்காக. முழுநேரம் என்றால் 12 கிரெடிட். நான்கு செமஸ்டர் 12 எடுத்தால் 48தான் வரும். பட்டத்துக்கு 60 வேண்டும். செமஸ்டருக்கு 15 எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கோடையில் ஈடுகட்ட வேண்டும். நியூயார்க்கின் எக்ஸெல்சியர் உதவித்தொகை ஆண்டுக்கு 30 கிரெடிட் கேட்பதோடு, படிப்பு முடிந்ததும் உதவி பெற்ற ஆண்டுகளுக்கு ஈடாக அந்த மாநிலத்திலேயே வசிக்கவும் சொல்கிறது. வெளியேறினால் அது கடனாக மாறும். டென்னசியில் ஒவ்வொரு பருவத்துக்கும் 8 மணி நேரச் சமூக சேவை உண்டு, கெடு தவறினால் தகுதி போய்விடும். பெரும்பாலான இடங்களில் பொதுவானது ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பப் படிவம், அதை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போட வேண்டும். அதோடு தேர்ச்சி வேகமும் பார்ப்பார்கள்: பெரும்பாலான கல்லூரிகள் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண் 2.0, எடுத்த கிரெடிட்டில் 67 விழுக்காடு முடித்திருப்பது என்று வைத்திருக்கின்றன. 12 கிரெடிட் எடுத்து, கடினமாக இருக்கிறது என்று பாதியில் 6 கிரெடிட்டை விட்டால் கணக்கு 50 விழுக்காடு. எந்தப் பாடத்திலும் தோற்காமலேயே எச்சரிக்கைக் கடிதம் வரும். விட நினைத்தால் முதல் இரண்டு வாரத்துக்குள், பாடத்தைப் பாதியில் விட்டதைக் காட்டும் டபிள்யூ மதிப்பெண் பட்டியலில் விழாத தேதிக்குள் விட வேண்டும்.

சிலருக்கு இந்த வழி வேண்டாம் என்போம். குறைந்த வருமானமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு நான்காண்டுக் கல்லூரி ஒன்று முழுத் தேவையையும் ஈடுகட்டுவதாகக் கடிதம் அனுப்பியிருந்தால் அங்கேயே சேருங்கள். தகுதி அடிப்படையிலான உதவித்தொகைகள் பல முதலாண்டில் சேர்பவருக்கு மட்டுமே உரியவை. இரண்டு ஆண்டு கழித்து மாறிவந்தால் கிடைக்காது. கம்யூனிட்டி காலேஜ் பாடங்களைப் பள்ளியில் இருக்கும்போதே எடுப்பதில் இந்தச் சிக்கல் இல்லை. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் எடுத்த கிரெடிட் எவ்வளவு இருந்தாலும் பொதுவாகப் பிள்ளை முதலாண்டு விண்ணப்பதாரராகவே கருதப்படும். நியூ ஜெர்சியில் வகுப்பில் முதல் 15 விழுக்காட்டுக்குள் வந்த பிள்ளைக்கு என்ஜே ஸ்டார்ஸ் என்ற தனி வழி இருக்கிறது. சொந்த கவுன்டிக் கல்லூரியில் சேர்ந்தால் ஐந்து செமஸ்டர் வரை கல்விக் கட்டணத்தைக் கட்டும். ஏஜிஐ வரம்பைத் தாண்டும் ஐடி குடும்பங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைக்கு மேற்சொன்ன கணக்கு பொருந்தாது. மத்திய உதவி கிடையாது, எனவே பெல் இல்லை. அதே தகுதியைக் கேட்கும் மாநிலத் திட்டங்களும் இல்லை. கிரீன் கார்டு கையில் இருந்தால் உண்டு. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் எச்-4 பிள்ளைகள் ஓராண்டு வசிப்பைக் காட்டி உள்மாநிலக் கட்டணம் பெறலாம், ஆகவே இலவசம் இல்லாவிட்டாலும் 46 டாலர் விகிதம் கிடைக்கும். சிக்கல் 21ஆம் பிறந்தநாளில் வருகிறது. அன்றோடு எச்-4 முடிகிறது. கிரீன் கார்டு விண்ணப்பத்தில் பிள்ளையின் வயதைக் கணக்கிட சிஎஸ்பிஏ என்ற சட்டம் இருந்தாலும், அது எச்-4ஐ நீட்டிக்காது. எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் பல இடங்களில் வெளிமாநில மாணவர் கட்டணம் விழும். அதுவும் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில், செலவு அதிகமாகும் நேரத்தில். எஃப்-1இல் செமஸ்டருக்கு 12 கிரெடிட் கட்டாயம்; அதில் ஒரே ஒரு இணையவழி வகுப்பைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். பிறந்த தேதியை வைத்துக்கொண்டு, 21 வயது ஆகும்போது பிள்ளை எந்த செமஸ்டரில் இருக்கும் என்று இன்றே எண்ணிப் பாருங்கள். சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் வசிப்பிடத் தகுதி அலுவலகத்துக்கு, விசா மாறினால் கட்டண நிலை என்ன ஆகும் என்று மின்னஞ்சலில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னதை அடுத்த ஆண்டு வேறொருவர் ஏற்க மாட்டார்.

பல்கலைக்கழகத்துக்கு மாற வழிகாட்டும் டிரான்ஸ்ஃபர் ஆலோசகரைச் சேர்க்கைக்கு முந்தைய கோடையிலேயே பிள்ளை நேரில் பார்த்துவிட வேண்டும். வகுப்புகள் தொடங்கிய பிறகு வரிசை நீளும். போகும்போது சேர விரும்பும் இரண்டு பல்கலைக்கழகங்களின் பெயர், துறை, ஏபி மதிப்பெண்கள், பள்ளியில் கடைசியாக எடுத்த கணக்குப் பாடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகட்டும். திரும்பும்போது நான்கு செமஸ்டருக்கும் பாட எண்களோடு எழுதிய திட்டம் கையில் இருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இன்னொரு நேரம் கேட்டு வாங்குங்கள்.