ஜாக்கெட்டில் தண்ணீர் நின்றால்

அன்புள்ள ஐயா,
கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆஸ்பென் என்ற கணினி மென்பொருளில் ஐந்து நிமிடத்தில் வரும் ஹீட் பேலன்ஸை (எவ்வளவு வெப்பம் பிறக்கிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்ற கணக்கை) கையால் போட இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் பைத்தான் படித்தால் வேலையாவது கிடைக்கும். இந்தப் பட்டப்படிப்பின் நோக்கம்தான் என்ன? மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதலாமா?
— ம.

அன்புள்ள ம.,

கேட் எழுதுங்கள். பைத்தானும் படியுங்கள், நல்லதுதான். ஆனால் கையால் போடும் ஹீட் பேலன்ஸ் வீண் என்று மூன்றாம் ஆண்டில் இருந்துகொண்டு எழுதுகிறீர்களே, அதை மட்டும் விட மாட்டேன். உங்கள் கடிதம் வந்தபோது நான் ஜாக்சன்வில் விபத்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள ஜாக்சன்வில்லில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறு ஆலை. பெட்ரோலில் கலக்கும் மாங்கனீஸ் சேர்மம் ஒன்றைத் தயாரித்தது. உரிமையாளர் இருவரில் ஒருவர் வேதியியலாளர், மற்றவர் கெமிக்கல் இன்ஜினியர். 2007 டிசம்பர் 19, பேட்ச் எண் 175. பகல் 1:23க்கு, குளிர்விப்பதில் கோளாறு என்று அவர்களுக்குப் போன் போனது. 1:33க்கு ரியாக்டர், அதாவது வினை நடக்கும் கலன், வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். ஓர் உரிமையாளரும் அதில் உண்டு.

ஆய்வகத்தில் ஒரு லிட்டர் குடுவையில் செய்து பார்த்ததை ஏறத்தாழ 9,300 லிட்டர் ரியாக்டருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பேப்பரை எடுங்கள், தம்பி. வடிவம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால், நீள அகலம் ஒவ்வொன்றும் 21 மடங்கு. வெப்பம் பிறப்பது கொள்ளளவில்: 21 × 21 × 21 = 9,261 மடங்கு. வெப்பம் வெளியேறுவது சுவர் வழியாக: 21 × 21 = 441 மடங்குதான். ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சுவர் 21இல் ஒரு பங்கு. கலவைக்கும் அதைக் குளிர்விப்பதற்கும் இடையே குடுவையில் 10 டிகிரி வித்தியாசம் போதும் என்றால், இங்கே 210 டிகிரி வேண்டும். கலவை 180 டிகிரி என்றால் ஜாக்கெட், அதாவது ரியாக்டரைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் உறை, மைனஸ் 30இல் இருக்க வேண்டும். தண்ணீரை வைத்துக்கொண்டு அதற்கு எங்கே போவது?

அவர்கள் 180 டிகிரி வாக்கில்தான் குளிர்விக்கத் தொடங்குவார்கள். ஜாக்கெட்டில் 100 டிகிரியில் தண்ணீர் கொதித்து வெப்பத்தை எடுத்துப்போகும். வித்தியாசம் 80. கலவை 190க்கு ஏறினால் வித்தியாசம் 90; வெளியேறும் வெப்பம் எட்டில் ஒரு பங்குதான் கூடும். வினை வேகமோ பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். வெப்பம் பிறப்பதற்கும் வெளியேறுவதற்கும் இடையிலான போட்டி எந்தப் பக்கம் சாயும் என்று இதிலேயே தெரிந்துவிடுகிறது. 199 டிகிரியைத் தாண்டியதும் கலவையில் இருந்த சோடியம், கரைப்பானான டைக்ளைமையே தாக்கத் தொடங்கியது. அழுத்தம் மிஞ்சினால் உடைந்து வழிவிடும் தகடான ரப்சர் டிஸ்க் 400 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் உடைவது; அழுத்தத்தை வெளியேற்றும் நான்கு அங்குலக் குழாய் அந்த இரண்டாவது வினைக்குக் காணாது. தண்ணீருக்கு மாற்று ஏற்பாடும் கிடையாது.

இந்த இரண்டாவது வினையை ஆஸ்பென் சொல்லியிருக்குமா? நீங்கள் கொடுக்காத வினையை அது கணக்கில் சேர்க்காது. "வேறென்ன நடக்கலாம்?" என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அப்படிக் கேட்கும் ஆளை உருவாக்குவதுதான் நீங்கள் கேட்ட நோக்கம். விபத்தை விசாரித்த சி.எஸ்.பி. அமைப்பும், வினைகளின் அபாயத்தைப் பட்டப்படிப்பிலேயே கற்பிக்க வழிசெய்யுமாறு அமெரிக்கக் கெமிக்கல் இன்ஜினியர்கள் சங்கமான ஏ.ஐ.சி.எச்.இ.க்கும், இன்ஜினியரிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட்டுக்கும் பரிந்துரைத்தது.

அடுத்த கணக்கில் கூடுதலாக ஒரு வரி போடுங்கள். கிலோவுக்கு 300 கிலோஜூல் வெளிவரும் கலவை, அதன் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க 2 கிலோஜூல் வேண்டும் (தன்வெப்ப எண் 2) என்றால், குளிர்விப்பு நின்றதும் 150 டிகிரி ஏறும். 180 + 150 = 330. அந்த 330க்குள் சிதையக்கூடியது கலவையில் என்ன இருக்கிறது, அங்கே போய்ச்சேர எத்தனை நிமிடம் ஆகும் என்று கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள்.