நடுங்குவது கை, தடுமாறுவது கால்

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. பதினைந்து வருடமாகக் கை நடுக்கம். "எசென்ஷியல் ட்ரெமர்தான், பார்க்கின்சன் இல்லை" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். மறதியும் கூடியிருக்கிறது. கோயிலுக்குக்கூட வர மறுக்கிறார். வயதானால் இப்படித்தானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: வயதின் மேல் பழியைப் போட்டு விட்டுவிடாதீர்கள். டாக்டர் சொன்னதில் தவறில்லை. பார்க்கின்சனில் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும். எசென்ஷியல் ட்ரெமரில் காபி டம்ளரைத் தூக்கும்போது நடுங்கும். ஆனால், இது கையோடு நிற்கிற சமாசாரம் இல்லை. இந்த நடுக்கத்தில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு. நடக்கும்போது தள்ளாடாமல் பார்த்துக்கொள்வதும் அதே சிறுமூளைதான். ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் இவர்களில் பலர் தடுமாறுவார்கள். (வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம், டாக்டர் பார்க்கட்டும்.)

மறதிக்கும் விழுவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நடக்கவும் கவனம் வேண்டும்; இளவயதில் அது நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அப்பா நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல நின்றுவிடுகிறாரா, கவனியுங்கள். இந்த நடுக்கம் உள்ளவர்களை வைத்து நடந்த ஆய்வுகளிலும், நினைவாற்றல், சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கியவர்களே அதிகம் விழுந்தார்கள். தங்கள் நடைமேல் அவர்களுக்கு நம்பிக்கையும் குறைவாக இருந்தது.

கோயிலுக்கு வராததைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பயமாக இருக்கலாம். நடைமேல் உள்ள நம்பிக்கையை அளக்க 16 கேள்விகள் கொண்ட ஒரு படிவமே இருக்கிறது. படி இறங்க, கூட்டத்தில் நடக்க என்று ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு தைரியம் என்று கேட்பார்கள். நீங்களும் அப்படியே கேட்டுப் பாருங்கள். "படிக்கு முப்பது, கூட்டத்துக்குப் பத்து" என்றால், கூட்டமில்லாத காலை நேரத்தில் கையைப் பிடித்து அழைத்துப் போகலாம். "விழுந்துடுவீங்க, உட்காருங்க" என்று நாற்காலியில் அமர்த்திவிட்டால் தொடைச் சதை தளர்ந்துபோகும், அப்புறம் நிஜமாகவே விழுவார். தசைக்கும் சமநிலைக்கும் பிசியோதெரபிஸ்டிடம் பயிற்சி உண்டு.

சரி, மாத்திரைகளுக்கு வருவோம். நடுக்கத்துக்குத் தரும் புரோப்ரனலால் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். சிலருக்கு எழுந்து நின்றதும் கிறுகிறுக்கும். பிரிமிடோன் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரலாம். டிரைஹெக்சிபெனிடில் என்ற மாத்திரை பட்டியலில் இருந்தால் கட்டாயம் கேளுங்கள், முதியவர்களுக்கு அது மறதியைக் கூட்டும். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பி12, தைராய்டு, கண் பரிசோதனையும் பாக்கி வைக்காதீர்கள்.

ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். வழுக்கும் மிதியடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிறகு, நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இரண்டு முறையும் எங்கே, எத்தனை மணிக்கு, என்ன செய்துகொண்டிருந்தபோது விழுந்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கையைப் பற்றி டாக்டரே கேட்பார். விழுந்ததை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.