ஆர்.எக்ஸ். 100: ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் கலந்து ஓட்டலாமா?

கேள்வி: ஊர் நல்லம்பள்ளி. 1994 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை தொப்பூர் வழியாகச் சேலம் போய்வருவேன். 'பழைய பம்ப்பை நம்ப முடியாது, கழற்றிவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்துவிடுங்கள்' என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? மாந்தோப்பில் புல் வெட்டும் மெஷினுக்குக் கலக்கும் பெட்ரோலையே வண்டிக்கும் ஊற்றலாமா?

பதில்: ஆர்.எக்ஸ். 100 இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. தனி டேங்கில் இருக்கும் ஆயிலை இன்ஜினுக்குள் அடித்துத் தருவதுதான் இந்தப் பம்ப். அது ஓடும் நிலையில் இருந்தால் கழற்ற வேண்டாம். உங்கள் விஷயத்தில் முக்கியக் காரணம் தொப்பூர் இறக்கம்தான்.

பெட்ரோலில் கலந்த ஆயில், பெட்ரோல் வந்தால்தான் வரும். கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு கணவாயில் இறங்கும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றும். கார்புரேட்டரோ ஐடிலுக்கு வேண்டிய பெட்ரோலை மட்டுமே விடும். பிஸ்டனுக்கு எண்ணெய்ப்பசை தேவைப்படும் நேரத்தில் அது கிடைக்காது. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் அப்படியே லாக் ஆகும், பின்னால் லாரி வரும் ரோடு அது. பம்ப் இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவதால், ஆக்சிலேட்டர் மூடியிருந்தாலும் சுற்றும் வேகத்துக்கேற்பக் கொஞ்சமாவது அடித்துக்கொண்டே இருக்கும்.

டி.வி.எஸ். 50-ல் பம்ப் ஏது, ஆயில் கலந்துதானே ஓடியது என்று கேட்பார்கள். ஓசூரில் 1980 முதல் வந்த அந்த வண்டி 50 சி.சி. மொபெட், 11 குதிரைத்திறன் வண்டியோடு அதை ஒப்பிடுவது சரியில்லை.

முதலில் பம்ப்பைச் சோதியுங்கள். ஆயில் டேங்கில் மட்டத்தை டேப் ஒட்டிக் குறித்துவைத்து, 10 லிட்டர் பெட்ரோல் ஓட்டிய பிறகு அதே மட்டம் வரும்வரை அளந்து ஊற்றுங்கள். ஏறக்குறைய 200 முதல் 270 மில்லி பிடித்தால் கவலையில்லை. 100 மில்லிகூடப் பிடிக்கவில்லை என்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள். நிறுத்திவைத்த வண்டியை மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் புகை மண்டினால், பம்ப்பின் செக் வால்வு (நிறுத்தியிருக்கும்போது ஆயிலைத் தடுத்து வைப்பது) கசிந்து ஆயில் உள்ளே இறங்கியிருக்கலாம்.

'பம்ப் போச்சு' என்று சொல்லப்படுபவற்றில் பல, பைப்பில் காற்று புகுந்த கேஸ்கள். ஆயில் ஒருமுறை தீர்ந்தாலே காற்று புகும். டேங்கை நிரப்பி, பம்ப்பில் உள்ள ப்ளீடர் ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) கழற்றி, குமிழி இல்லாமல் ஆயில் வழியும்வரை விட்டு வாஷரோடு இறுக்குங்கள். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டுப் பம்ப் கேபிளை மட்டும் முழுதாக இழுத்துப் பிடித்தால் பம்ப்பிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பைப்பும் நிரம்பும். கேபிள் செட்டிங்கில் பம்ப் சக்கரத்தின் கோடும் பின்னும் மேனுவலில் உள்ளபடி நேராக இருக்க வேண்டும். இந்த வேலை முடிந்து ஓட்டும் முதல் டேங்க் பெட்ரோலில் மட்டும் லிட்டருக்கு 20 மில்லி கலந்துகொள்ளுங்கள். புகை வரும், பரவாயில்லை.

பம்ப்பின் கியரே தேய்ந்து, மாற்றுப் பாகமும் கிடைக்காவிட்டால்தான் கழற்றும் பேச்சு. அப்போது ஆயில் வந்து சேரும் துளையைக் காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும். அங்கே காற்று இழுத்தால் மிக்சர் லீன் ஆகி (காற்று கூடி, பெட்ரோல் குறைந்து) சூடேறும். பம்ப் இருந்த இடத்துக்கு ஓ-ரிங்கோடு தகடு போடாவிட்டால் கியர் ஆயில் ஒழுகும். கலவை லிட்டருக்கு 30 மில்லி, 2டி (இரண்டு ஸ்ட்ரோக்) ஆயில், டப்பாவில் ஜாசோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற தரக்குறி இருக்க வேண்டும். படகு மோட்டாருக்கான டி.சி.டபிள்யூ.3 தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது; 20டபிள்யூ40 நான்கு ஸ்ட்ரோக்குக்கு உரியது. இரண்டும் வேண்டாம். 'கூட ஊற்றினால் நல்லதுதானே' என்பதும் தவறு: ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, பிளக்கும் சைலன்சரும் கரியால் அடைபடும். இறக்கத்தில் சில நொடிக்கு ஒருமுறை ஆக்சிலேட்டரைத் திறந்து மூடுங்கள். பிஸ்டன் பிடித்தால் உடனே அழுத்த, கை கிளட்ச் மேலேயே இருக்கட்டும்.

தனி கேனில் பாதிப் பெட்ரோல், முழு ஆயில், குலுக்கல், மீதிப் பெட்ரோல் என்ற வரிசையில் கலக்கவும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நீர் கூடினால் எத்தனாலும் நீரும் அடியில் தனியே பிரிந்துவிடும். எனவே ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

புல் வெட்டும் மெஷினின் அளவு மூடியிலோ மேனுவலிலோ இருக்கும். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40. பம்ப் ஓடும் வண்டிக்கு அந்தக் கேன் தேவையே இல்லை. ஊற்றினால் பிளக்தான் கரியாகும்.